கூரை மேல் ஒன்பது க்யூப்

பட்டான்செருவில் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் லாரி வாரத்துக்கு மூன்று நாள்தான் வரும். அதுவும் எங்கள் சந்துக்குள் நுழைவதற்குள் பாதி ஒழுகிப் போயிருக்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் கான்கிரீட் சோதனை லேப் முதலாளி ஜெயச்சந்திரன் உங்கள் விசாரணைக் கமிட்டிக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பொய், சார். தொட்டியில் தண்ணீர் இருந்தது. விளிம்பு வரை இருந்தது. தினமும் கையை விட்டுப் பார்க்கிறவன் நான்தானே.

உங்களுக்குத் தமிழ் தெரியும், வெங்கட்ரமணன் சார் நம்ம ஊர்க்காரர்தான் என்று வாசலில் பியூன் சொன்னான். அதனால்தான் இன்று வந்தேன். தெலுங்கில் சொல்லியிருந்தால் பாதி விட்டுப்போயிருக்கும். நான் மூன்றாவதோடு நின்றவன். ஆதாரில் வரதராஜன். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் பட்டான்செருவில் யாருக்கும் தெரியாது. க்யூப் மேஸ்திரி என்று கேட்டால் ஆட்டோக்காரனே கொண்டு வந்து விடுவான்.

நீங்கள் இன்ஜினியர், உங்களுக்கு க்யூப் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. எழுதிக்கொள்கிற இந்தப் பிள்ளைக்காகச் சொல்கிறேன். கான்கிரீட் போடுகிற அன்று அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, அரை அடிக்கு அரை அடி இரும்பு அச்சில் குத்தி நிரப்புவோம். மறுநாள் அச்சைக் கழற்றித் தொட்டியில் போட்டு, இருபத்தெட்டு நாள் தண்ணீருக்குள் வைப்போம். பிறகு மெஷினில் வைத்து நசுக்குவோம். எந்த எண்ணில் உடைகிறதோ அதுதான் அந்தக் கட்டடத்தின் பலம். எங்கள் மெஷினில் முள் ஐந்நூற்று அறுபதைத் தாண்டினால் பாஸ். கட்டடத்தை உடைத்துப் பார்க்க முடியாதில்லையா, அதனால் அதன் சார்பில் க்யூப் உடைகிறது.

நாற்பது வருஷமாக இதுதான் என் வேலை. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து சித்தாளாக வந்தேன். மருந்து ஃபாக்டரிகள் எழும்பிய காலம். இந்த நாற்பது வருஷத்தில் நேராகப் பாஸான க்யூப் எத்தனை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காண்ட்ராக்டர் சைட்டில் ஒரு கலவை போடுவான். க்யூபுக்கு மட்டும் தனியாக, சிமென்ட் தூக்கலாக, பிசைந்து கொண்டு வருவான். சிலர் அந்தச் சிரமம்கூடப் பட மாட்டார்கள். "மேஸ்திரி, மூணு நல்ல க்யூப் நீங்களே போட்டுடுங்க" என்பார்கள். போட்டிருக்கிறேன். அதெல்லாம் இப்போதும் நிற்கிறது. எந்தெந்தக் கட்டடம் என்று கேட்காதீர்கள். நீங்கள் குடியிருப்பதுகூட இருக்கலாம்.

அதனால் ஒன்று தெரிந்துகொண்டேன். கட்டடம் கட்டுகிற எவனும் சிமென்டிலோ கம்பியிலோ எங்கேயோ ஓரிடத்தில் கொஞ்சம் எடுப்பான். எங்கே எடுக்கிறான் என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த ஆளோடு நிம்மதியாகப் பழகலாம். நான் யாரையும் வெறுத்தது கிடையாது. எங்கே எடுக்கிறான் என்று தெரியாத ஆள்தான் எனக்கு ஆகாது.

மாதங்கி அப்படி வந்தாள்.

சங்காரெட்டிக்கு அப்பால், மஞ்சீரா ஆற்றோரத்தில் தும்மலகுண்டா என்று ஒரு கிராமம். ஆறு ஏறினால் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர், காற்று அடித்தால் ஓடு பறக்கும். பழைய பள்ளிக்கூடம் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. ஏதோ டிரஸ்ட்காரர்கள் அங்கே புதுசு கட்டப் பணம் கொடுத்தார்கள். வெள்ளத்துக்கும் புயலுக்கும் பூகம்பத்துக்கும் நிற்கிற பள்ளிக்கூடம் என்று வரைந்து கொடுத்தவள் இந்த மாதங்கி. முப்பது வயதிருக்கும். காஞ்சன்பாக்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். லேப் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்த முதல் இன்ஜினியர் அவள்தான். அன்றைக்கே எனக்குச் சந்தேகம்.

சைட்டுக்குப் போனேன். தரையை ஆள் உயரத்துக்குத் தூக்கியிருந்தாள். வெள்ளத்தில் ஊரே ஏறி நிற்கலாம் என்று மொட்டை மாடிக்கு அகலமான படி. கதவெல்லாம் வெளிப்பக்கம் திறந்தது, பிள்ளைகள் முட்டிமோதி வெளியே ஓட வசதியாக. அடிமட்டத்தில் ஒன்று, ஜன்னலுக்கு மேல் ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று என்று சுவரைச் சுற்றி மூன்று கான்கிரீட் பட்டை. மூலைக்கு மூலை சுவருக்குள் கம்பி. இதெல்லாம் பூசிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. இதுவரை நான் பார்த்தவர்கள் வெளியே தெரிவதை அழகாகச் செய்து உள்ளே எடுப்பார்கள். இவள் உள்ளே போவதைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்தாள். நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங் கம்பியின் கொக்கியை எல்லோரும் நேர்மடிப்பாக விடுவார்கள். இவள் உள்பக்கம் மடக்கச் சொல்லி, மடக்காததை எல்லாம் கழற்ற வைத்தாள். கம்பி கட்டுகிறவன் திட்டிக்கொண்டே செய்தான்.

"ஏம்மா, இது யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டேன்.

"பூமி ஆடினா அதுக்குத் தெரியும் மேஸ்திரி" என்றாள்.

பதில் தயாராக வைத்திருக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

தளம் போட்ட அன்று மிக்சர் பக்கத்தில் வெயிலில் நின்று, ஓட்டத்தின் நடுவிலிருந்து அவளே கலவை எடுத்தாள். ஒன்பது அச்சு. முப்பத்தைந்து குத்து குத்த வேண்டும் என்றால் முப்பத்தைந்து குத்தினாள், வாயால் எண்ணிக்கொண்டு. ஆணியால் தேதி கீறினாள். அப்புறம் அச்சுகளை என் பக்கம் தள்ளிவிட்டு, "இனிமே உங்க பொறுப்பு மேஸ்திரி. நீங்க பாத்துப்பீங்க" என்று சொல்லிக் கை கழுவப் போய்விட்டாள். கூட ஆள் அனுப்பவில்லை. லேப் சாவி கேட்கவில்லை. ஒன்பது க்யூபையும் என் கையில் விட்டுவிட்டுப் போனாள்.

நான் யோசித்தேன். இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறவள் என்னிடம் மட்டும் ஏன் ஜாக்கிரதையாக இல்லை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சன்பாக்கில் அவள் வீட்டுக்கே போய்விட்டேன். ஏதோ ரசீது கொடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அவள் அப்பா ராமசுவாமி, பாதுகாப்புத் துறை ஃபாக்டரியில் ரிட்டையரானவர். இரண்டு அறை வீடு. பழைய ஸ்கூட்டர். தரையில் மார்பிள் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மொசைக், அதுவும் இரண்டு இடத்தில் விண்டிருந்தது.

"நீங்கதானா அது? உள்ள வாங்கோ" என்றார். "தெனம் உங்க பேச்சுதான் வீட்ல. மேஸ்திரி கையில குடுத்தாச்சு, இனி கவலை இல்லைன்னு சொல்லிண்டே இருப்பா."

காபி கொடுத்தார்கள். நல்ல காபி. குடித்துக்கொண்டே, என்னைப் பற்றி வீட்டில் இவ்வளவு நல்லதாக ஏன் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் என்ன வேண்டும் இவர்களுக்கு?

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு யோசனை வந்தது. க்யூபை நசுக்கிப் பார்க்கிற மாதிரி ஆளையும் நசுக்கிப் பார்த்தால் என்ன? ரிசல்ட் ஃபெயில் என்று வந்தால் காண்ட்ராக்டரோ இன்ஜினியரோ லேபுக்கு வந்து, முதலில் மின்விசிறியைப் பார்ப்பான், அப்புறம் என்னைப் பார்ப்பான், அப்புறம், "மேஸ்திரி, கொஞ்சம் பேசிக்கலாமா?" என்பான். நாற்பது வருஷத்தில் இதைச் சொல்லாதவன் ஒருவனும் இல்லை. இவளும் வந்து சொல்லட்டும். சொல்லிவிட்டால் போதும், நான் உண்மையைச் சொல்லிவிட்டு, பாஸ் போட்டுக் கொடுத்துவிடுவேன். இதுதான் என் எண்ணம். இதில் என்ன கெடுதல் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அச்சைக் கழற்றிய நாளிலிருந்து அந்த ஒன்பதும் தொட்டியில்தான் கிடந்தது என்று ஜெயச்சந்திரன் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். பின்னால் வந்து பார்த்தது கிடையாது. அந்த ஒன்பதும் நான்காம் நாளே ஷெட்டின் தகரக் கூரை மேல் போய்விட்டது. ஏப்ரல் வெயில் உங்களுக்குத் தெரியும். தகரத்தில் கை வைக்க முடியாது. இளம் கான்கிரீட்டை அதில் வைத்தால் தாகத்திலேயே செத்துப்போகும். வெளியே பார்த்தால் கல் மாதிரிதான் இருக்கும்.

எங்கள் வேன் டிரைவர் அப்துல் ரஹீம் ஒருநாள் அண்ணாந்து பார்த்துவிட்டான்.

"கைக்கு சாச்சா, ஏன் க்யூபெல்லாம் மேல? வடாம் போட்டீங்களா?"

"தொட்டி கழுவுறேன்டா."

"பத்து நாளாவா? நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்குக்கூட பிரியாணி தேக்சா கழுவ இவ்ளோ நாள் ஆவலையே" என்று சிரித்துக்கொண்டே போனான். அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், சொல்வான். அவன் மேல் தப்பில்லை.

ஏழாம் நாளில் மூன்றை நசுக்கிப் பார்ப்பது வழக்கம். மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். இருபத்தேழாம் நாள் ஒன்பதையும் இறக்கித் தண்ணீரில் போட்டேன், நிறம் சரியாக இருக்கட்டும் என்று. மெஷினில் வைக்கும்போது இன்னொன்றும் செய்தேன். கரணையால் தேய்த்த மேல்முகம் பக்கவாட்டில் இருக்கும்படி வைக்க வேண்டும். நான் அதை மேலேயே வைத்தேன். மேடு பள்ளத்தில் பாரம் ஒரு பக்கமாக இறங்கும். முள் முன்னூற்று எண்பதில் நின்றது. ஒன்று முன்னூற்றைம்பதில் உடைந்தது. ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. அவளுடைய கலவை, அவளுடைய கையெழுத்து, மெஷின் காட்டிய எண். நாற்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக நான் ரிஜிஸ்டர் எழுதச் சொன்னதில்லை.

மறுநாளே வந்தாள். உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மேஸ்திரி, தொட்டியிலதானே இருந்தது?"

"வேற எங்கம்மா இருக்கும்?"

அவ்வளவுதான் கேட்டாள். உடனே நம்பிவிட்டாள். "அப்ப நான்தான் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன்" என்றாள்.

ஜெயச்சந்திரனுக்கு மனசு கேட்கவில்லை. அவர் இளகின ஆள். "மேடம், ஜூன்ல திறக்கணும்கறீங்க. இன்னொரு செட் நசுக்கினதா போட்டுக்கலாம். எல்லாரும் பண்றதுதான்" என்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இதோ வருகிறது என்று நினைத்தேன்.

"இல்ல சார், குழந்தைங்க உட்காரப் போறாங்க" என்றாள். "பூட்டிடறேன். கட்டடத்துலேர்ந்தே கோர் எடுத்துப் பாத்துடலாம். எப்ப முடியும் மேஸ்திரி?"

அன்று மாலையே போய் அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினாள்.

அங்கேயே நான் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சோதனை முடிந்துவிட்டதே, அவள் பேசவில்லையே என்பீர்கள். சார், ஜெயச்சந்திரன் முன்னால் எவள் பேசுவாள்? மூன்றாவது ஆள் இருக்கும்போது யாரும் பேச மாட்டார்கள். தனியாக வருவாள் என்று இருந்தேன். கோர் எடுக்கிறது என்றால் முடிந்த தளத்தில் குழாய் மாதிரி துளை போட்டு உருளை உருளையாகக் கான்கிரீட்டை வெட்டி எடுப்பது. அந்த மெஷினும் என் பொறுப்புதான். பல் தேய்ந்துவிட்டது என்றேன். புதுப்பல் வந்ததும், மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது என்றேன். ஜூன் முழுக்க அப்படியே போனது. வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுவாள். கோபப்படவே மாட்டாள். வேறு லேபுக்குப் போகச் சொன்னார் ஜெயச்சந்திரன். "மேஸ்திரியே எடுக்கட்டும், அவர் எடுத்தா எனக்குத் திருப்தி" என்று சொல்லிவிட்டாளாம். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் அப்படிச் சொன்னாள்?

ஜூன் பன்னிரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறந்தது, பழைய கட்டடத்திலேயே. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். புதுக் கட்டடம் நூறு அடி தள்ளி, பூட்டியபடி.

ஜூலையில் மழை பிடித்தது. ஆறு நாள் விடாமல் பெய்தது. ஆறாம் நாள் மாலை நான்கு மணிக்கு மாதங்கி போன் பண்ணினாள்.

"மேஸ்திரி, தும்மலகுண்டா புஷ்பா டீச்சர் பேசினாங்க. பழைய சுவர்ல ஈரம் ஆள் உயரத்துக்கு ஏறியிருக்காம். வடக்குச் சுவர் வயிறு தள்ளியிருக்குன்னு சொல்றாங்க. புதுசுல நாலு நாள் உக்காரலாமான்னு கேக்கறாங்க. நம்பர்படி நான் முடியாதுன்னுதான் சொல்லணும். ஆனா நீங்க அந்தத் தளத்துல நடந்திருக்கீங்க. நாப்பது வருஷமா கான்கிரீட்டைத் தொட்ட கை. உங்க மனசுக்கு என்ன படறது? நீங்க சொன்னா நான் திறந்து விட்டுடறேன்."

சார், நான் மூன்று மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான். தனியாகப் பேசுகிறாள். ரிப்போர்ட்டைத் தாண்டி, வாய் வார்த்தையாக ஒரு சரி கேட்கிறாள். மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்துவிட்டுக் கேட்பதை இவள் மழையைக் காட்டிக் கேட்கிறாள். எல்லாம் ஒன்றுதான். கடைசியில் வந்துவிட்டாள் பார் என்று எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

இப்படிக் கேட்டதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் வேறு மாதிரி தோன்றியது. இத்தனை வருஷம் கேட்டவனுக்கெல்லாம் தலையாட்டிவிட்டேன். இன்றைக்கு ஒரு தடவையாவது நேர்மையாக நிற்க வேண்டும் என்று தோன்றியது.

"ரிப்போர்ட்டுக்கு மேல ஒரு வார்த்தை நான் சொல்ல மாட்டேன்மா" என்றேன். "எழுதியிருக்கறதுதான். அதுல பிள்ளைங்கள உக்கார வச்சா பொறுப்பு உங்களுது."



"சரி மேஸ்திரி. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

அன்று நன்றாகத் தூங்கினேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக யாருக்கும் வளைந்து கொடுக்கவில்லை என்ற திருப்தி.

அவள் டீச்சருக்கு லீவு விடச் சொல்லியிருக்கிறாள். டீச்சரும் சொல்லியிருக்கிறாள். ஆனால் மறுநாள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், மதியச் சாப்பாட்டுக்கு. மழைநாளில் வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளைகள். முப்பத்தொரு பேர். டீச்சர் அவர்களைத் தெற்குப் பக்கமாக ஒதுக்கி உட்கார வைத்துத் தட்டு கொடுத்திருக்கிறாள். பன்னிரண்டே கால் மணிக்கு வடக்குச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. சுவரோடு உத்தரமும் ஓடும் வந்தது. நான்கு பிள்ளைகள். புஷ்பா டீச்சர், கடைசித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள் என்கிறார்கள்.

உயிரோடு எடுத்த பிள்ளைகளை எங்கே கொண்டு போனார்கள் தெரியுமா? சங்கிலியை உடைத்துப் புதுக் கட்டடத்தில் படுக்க வைத்தார்கள். சாயங்காலம் ஆறும் ஏறியது. ஊரே அந்த மாடியில்தான் இரண்டு நாள் இருந்தது, இருநூறு பேர், ஆடு மாடோடு. கட்டடத்தில் ஒரு கீறல் விழவில்லை. உங்கள் கமிட்டி வெளியிலிருந்து ஆள் கொண்டு வந்து கோர் எடுத்ததும் எனக்குத் தெரியும். நன்றாகத்தான் வந்திருக்கும். வந்துதானே ஆக வேண்டும். அவள் போட்ட கலவையை நான் பார்த்தேனே. அதைவிட நல்ல கான்கிரீட்டை நான் தொட்டதில்லை.

ஆக, அந்த ஒன்பது க்யூபையும் வெயிலில் வைத்தது நான். தப்பாக வைத்து நசுக்கியது நான். கோர் எடுக்காமல் இழுத்தடித்தது நான். நல்ல கட்டடம் என்று தெரிந்தே, அன்று போனில் திறக்காதே என்று சொன்னதும் நான்தான். ஐந்து பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜெயச்சந்திரனை விட்டுவிடுங்கள். எங்கே கைநாட்டு வைக்க வேண்டுமோ வைக்கிறேன். என் பெயரை எழுதவும் வரும், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

ஆனால் நான் இன்று இங்கே வந்தது இதைச் சொல்ல மட்டும் இல்லை.

மாதங்கி உங்களுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தை ஜெயச்சந்திரன் எனக்குப் படித்துக் காட்டினார். க்யூப் எடுத்ததில் தான்தான் பிழை செய்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். ஒரு பலவீனமான நேரத்தில் தான் விதியை மீறப் பார்த்ததாகவும், மேஸ்திரிதான் தடுத்து நிறுத்தியதாகவும் எழுதியிருக்கிறாள். அவர் மாதிரி நேர்மையான மனிதரைத் தான் பார்த்ததில்லை, வயதான காலத்தில் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கடைசி வரி. வேலை போய்விட்டது. டிரஸ்ட்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். ஊர் அவளைக் கொலைகாரி என்கிறது. அப்படி நிற்கிற ஒருத்தி, எனக்காக இதை எழுதுகிறாள்.

நான் என்னுடையதை ஒன்று மறைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும். யாரும் யாரையும் சும்மா நல்லவன் என்று எழுதிக் கொடுக்க மாட்டார்கள், சார். அவளுக்கு அதில் என்ன லாபம் என்று நன்றாக விசாரியுங்கள்.